செவ்வாய்க்கிழமையே சரியான பிரிண்டர்

முதல் தாளின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தாளும் உள்ளே போகும். பிறகு கரகரவென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரியும். மூடியைத் திறந்தால் இரண்டு தாள்களும் விசிறி போல மடிந்து, கருப்பு மைத்தூள் அப்பிக் கிடக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பதினோரு முறை இப்படி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் பிரிண்டரை வைத்திருந்தேன். கோமதி டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றாள். வெளியே அமெரிக்காவின் எடிசன் நகரத்துப் பனி சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தது. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் விட்டு விட்டுச் சீறியது.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிருமுங்களா?" என்று கேட்டாள்.

"நாளைக்கே ஆயிரும்" என்றேன்.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை தண்ணீர் குடிக்க. ஒரு முறை தபால் வந்திருக்கிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று தெரிந்தும். மூன்றாவது முறை எதற்கு எழுந்தேன் என்றே தெரியவில்லை. இதுவரை வந்த வாரங்களில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகவே காட்டியிருக்கிறேன். இந்த வாரம் அது முடியாது.

வெள்ளிக்கிழமை

கோமதி என் மனைவி. ரசாயனத்தில் எம்.எஸ்சி. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தபோது ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு என்னோடு வந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மனைவிக்குக் கொடுக்கும் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. படிக்கலாம். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன்.

நான்கு குளிர்காலங்கள் அவள் அந்த அடுக்கக வீட்டில் இருந்தாள். நான்காவது குளிர்காலத்தில், ரயிலில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறைக்கு எழுதி, விண்ணப்பத்தை வரவழைத்தாள். படிவத்தைப் பேனாவால் நிரப்பலாம். ஆனால் இதுவரை என்ன செய்தேன், இனி என்ன படிக்க விரும்புகிறேன் என்று ஐந்து பக்கத்துக்கு ஒரு கட்டுரை, அச்சடித்துத் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் உறையின் மேல் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு. அடுத்த வருடம் என்ற சொல்லை அவள் அதற்கு முன்பே நிறையக் கேட்டிருந்தாள்.

கட்டுரையை என் பழைய கம்ப்யூட்டரில் தானே அடித்தாள். ஒரு விரலால். இரண்டு வாரம் ஆனது. எல்லாம் முடிந்து பட்டனைத் தட்டியபோதுதான் அந்தக் கரகரச் சத்தம்.

எறிய முடியாத கை

அந்தப் பிரிண்டர் நாங்கள் வாங்கியதல்ல. பக்கத்தில் ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது குப்பை வண்டிக்காக வெளியே வைத்திருந்தார்கள். நானும் சேகரும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். சேகர் எங்கள் அடுக்ககத்தில் எதிர்க் கட்டடம், என்னோடு அதே வங்கியில் வேலை, மயிலாப்பூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

எனக்கு எதையும் எறியத் தெரியாது. அமெரிக்கா வருவதற்கு முன் பதினாறு ஆண்டுகள் நூற்பு மில்லில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தவன். கம்ப்யூட்டர் அதன் கடைசி வருடங்களில் மாலை வகுப்பில் கற்றது. அந்தக் காலத்தில் வெளிநாட்டு இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் புதிது வர ஆறு மாதம். லைசென்ஸ், கஸ்டம்ஸ், டெல்லிக்கு மூன்று கடிதம். அதுவரை இயந்திரம் சும்மா நிற்க முடியாது. பித்தளையைக் கடைந்து, தோலை வெட்டி, ஒரு தடவை பிரஷர் குக்கரின் காஸ்கெட்டைப் போட்டுக்கூட ஓட்டியிருக்கிறேன். அதற்காக முதலாளி எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். முதுகில் தட்டு வாங்கியவனுக்கு அது ஒரு வியாதி. பிறகு எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும், தட்டப்போகிற கை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பான்.

எடிசனில் அந்தக் கை நிறையக் கிடைத்தது. மிக்ஸி, ரைஸ் குக்கர், ஊரிலிருந்து கொண்டுவந்த வெட் கிரைண்டர், வாக்மேன் என்று தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்தன. கோமதிக்கு அதில் பெருமை. எங்க வீட்டில் எதையும் வெளியே கொடுத்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்வாள்.

இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவள் என்னை நம்பினாள். பழக்கத்தால் அல்ல, பலமுறை கண்ணால் பார்த்து நம்பினாள்.

ரிட்டர்ன் பண்ற ஊர்

திங்கட்கிழமை மாலை சேகர் வந்தார். மேஜை மேல் பிரிண்டரின் உறுப்புகள் பரவிக் கிடந்ததைப் பார்த்தார். உட்காரக்கூட இல்லை.

"சார், இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ஹைவே மேல அந்தப் பெரிய கடை இருக்குல்ல, அங்க ஒரு புது பிரிண்டர் வாங்குங்க. அஞ்சு பக்கம் பிரிண்ட் பண்ணுங்க. அடுத்த வாரம் ரிட்டர்ன் பண்ணிடுங்க. எடிசன்ல பாதிப் பேர் குடித்தனமே அப்படித்தான் சார் ஓடுது."

"ஏன் திருப்பித் தர்றீங்கன்னு கேட்டா என்னங்க சொல்றது?" என்றாள் கோமதி.

"மனசுக்குப் பிடிக்கலைன்னு சொல்லுங்க மேடம். அவன் உங்ககிட்ட ஸாரி சொல்லுவான்."

அந்த நாட்களில் அங்கிருந்தவர்களுக்கு இது தெரியும். வாங்கிய பொருளை ஒரு மாதத்துக்குள் ரசீதோடு திருப்பிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். நம்மவர்களுக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருந்தது, பிறகு கலையாகிவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரு கேம்கார்டர் வாங்குவார்கள். நயாகரா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் கோயில் எல்லாம் படம் பிடித்து முடித்து, பெற்றவர்களை விமானம் ஏற்றிவிட்டு, திரும்பும் வழியிலேயே கடைக்குப் போவார்கள். சேகர் ஒரு முறை கூடாரம் ஒன்றை வாங்கி, மூன்று நாள் காட்டில் தங்கி, உள்ளே சாம்பார்ப் பொடி வாசனையோடு திருப்பிக் கொடுத்தவர். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் மறுத்தேன். மறுத்ததோடு நிற்கவில்லை. அது திருட்டு என்றேன். நம்மை நம்பிக் கதவைத் திறந்து வைத்தவனை ஏமாற்றுவது என்றேன். மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே நாலைந்து நிமிடம் பேசியிருப்பேன். சேகர் கையைக் கூப்பி, "விடுங்க சார், தெரியாம சொல்லிட்டேன்" என்று சிரித்தார்.

"அவரே சரிபண்ணிருவாருங்க" என்று கோமதி சேகரை வழியனுப்பினாள்.

வேறு வழிகளையும் அவள் கேட்டாள். நூலகத்தில் பிரிண்டர் இருக்கிறதாமே என்றாள். உன் ஃப்ளாப்பியை அங்கே உள்ள கம்ப்யூட்டர் படிக்காது என்றேன். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. நகல் எடுக்கும் கடைக்குக் காரில்தான் போக வேண்டும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு வேலை முடிந்து வரவே இருட்டிவிடும் என்றேன். வங்கிக்குள் கான்ட்ராக்ட்காரர்கள் ஃப்ளாப்பி கொண்டுபோகக் கூடாது. இது மட்டும் நிஜம்.

தகடு

கோளாறு எங்கே என்பது திங்கட்கிழமையே பாதி புரிந்துவிட்டது. தாளை இழுப்பது ஒரு ரப்பர் உருளை. ஒரு தாளுக்கு ஒரு சுற்று சுற்றி நிற்க வேண்டும். அதை நிறுத்துவது விரல்நகம் அகலமுள்ள ஓர் இரும்புத் தகடு. ஒரு சிறு மின்காந்தம் அதை இழுத்து இழுத்து விடும். தகடு மோதும்போது சத்தம் வராமல் இருக்க அடியில் துளி நுரைப்பஞ்சு ஒட்டியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கான சூட்டில் அந்தப் பஞ்சு உருகிப் பசையாகிவிட்டது. தகடு அதில் ஒட்டிக்கொண்டு தாமதமாக விடுபடுகிறது. அதற்குள் உருளை இன்னொரு சுற்று போய்விடுகிறது.

"இந்தத் தகடு மேலதான் சந்தேகம்" என்று கோமதியிடம் காட்டினேன். அவள் டார்ச்சை அருகே கொண்டுவந்து குனிந்து பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் வந்தபோது அவள் இல்லை. சேகரின் மனைவியோடு ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்கப் போயிருந்தாள். குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். குளியலறை அலமாரியிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, கடுகளவுக்குச் சற்றுப் பெரிதாக வெட்டி, பசையின் மேல் ஒட்டினேன். தகட்டை விரலால் சுண்டினேன். டிக் என்று சுத்தமாக விடுபட்டது.

மூடி, இணைத்து, கோமதியின் கட்டுரையின் முதல் பக்கத்தை அனுப்பினேன். ஒரு தாள். ஒன்றே ஒன்று. சூடாக, சுருக்கம் இல்லாமல் வந்து தட்டில் படுத்தது. அறையில் யாரும் இல்லாதபோதும் என் முதுகு ஒரு தட்டுக்குத் தயாரானது.

பிறகு அதைப் படித்தேன்.

ஒன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியதைப் பற்றி எழுதியிருந்தாள். ஒன்றுமில்லாத ஒரு கூடத்தை ஆய்வுக்கூடமாக்கியது பற்றி. அவளிடம் படித்த மூன்று பெண்கள் ஆராய்ச்சிக்குப் போனது பற்றி. அந்த மூன்று பேரின் பெயரையும் நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு, கணவரின் வேலை காரணமாக இடம்பெயர நேர்ந்தது என்று அரை வரி. அடுத்த வாக்கியம்: இந்த நான்கு ஆண்டுகளில் என் பாடத்தைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பதினான்கு ஆண்டு மணவாழ்வுக்கு அரை வரி. அடுத்த வாக்கியத்தில் வரும் 'யாரும்' என்ற சொல்லில் நானும் இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு.

நியாயமாக அங்கே எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். என்னைப் பற்றி ஊர் பேர் தெரியாதவர்களிடம் புகார் எழுதிவிட்டாள் என்று தோன்றியது. எழுந்து சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தேன். ஜன்னலருகே நின்றேன். அவள் ரயிலேறிப் போவதும், என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசும் மனிதர்கள் நடுவே உட்கார்ந்திருப்பதும், சாயங்காலம் நான் இந்த வீட்டைத் திறந்து விளக்கைப் போடுவதும் கண்ணில் ஓடின. என் கான்ட்ராக்ட் அந்த ஜூனோடு முடிவதாக இருந்தது. அதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இத்தனை வருடத்தில் இதற்கு எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் போதவில்லை.

பிரிண்டரை மறுபடி திறந்தேன். குறட்டால் பிளாஸ்திரியைப் பிரித்தெடுத்தேன். பசை இழுபட்டு மறுபடி பழைய இடத்தில் உட்கார்ந்தது. முதல் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பதினாறு ஆண்டு பராமரிப்பு வேலையிலும் அதற்குப் பிறகும், ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தை நான் கெடுத்தது அந்த ஒரு முறைதான்.

அவள் பைகளோடு வந்தபோது, "இன்னும் இல்ல" என்றேன்.

புதன், வியாழன்

புதன்கிழமை மாலையும் திறந்து வைத்து, தகட்டுப் பக்கமே போகாமல், பட்டனையும் தட்டாமல், அரை மணி நேரம் நோண்டினேன். அவள் டார்ச் பிடிக்க வரவில்லை. அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளுடைய பனிக் காலணிகள் ரேடியேட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தன. சாலை உப்பு வெள்ளைக் கோடாக விளிம்பில் ஏறியிருந்தது. எங்கே போனாய் என்று நானும் கேட்கவில்லை. அவள் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

எழுதக் கூசுகிற இடம் இதுதான். எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. நானே காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்து, "கவலைப்படாத. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன்.

"சரிங்க" என்று டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தபால் நிலையம் மூடும் நேரம் தாண்டியிருந்தது. ரயிலில் வரும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இனி எதைச் சொன்னாலும் பாதகமில்லை என்று ஒரு நிம்மதி. ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிரிண்டரைச் சுற்றியே போய் வந்தேன். நான் முயன்றேன், முடியவில்லை என்பதை அவள் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்த விஷயம் முடிந்துவிடும் என்று பட்டது.

"கோமதி, இங்க வா. உருளையே தேஞ்சு போச்சு. நீயே பாரு" என்றேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பட்டனைத் தட்டினேன். கரகரச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒரு தாள் உள்ளே போனது. ஒன்றே ஒன்று. நிதானமாக வெளியே வந்து தட்டில் படுத்தது. நான் அதைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் ஒரு வாசனை எழுந்தது. மைத்தூள் வாசனை இல்லை. சந்தனப் பவுடர். அவள் குளித்துவிட்டுப் பூசிக்கொள்கிற பவுடர். ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டு டப்பா கொண்டுவரச் சொல்வாள்.

பசையைத் துடைத்துவிட்டு, ஒட்டாமல் இருக்க அதன் மேல் பவுடரைத் தூவியிருக்கிறாள். என் பிளாஸ்திரியைவிட நல்ல வைத்தியம். ரசாயனம் படித்தவள் அல்லவா.

"அட, வந்திருச்சே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"புதன்கிழமையே வந்துருச்சுங்க" என்றாள். "துவைக்கப் போடறதுக்கு உங்க சட்டைப் பையைப் பாத்தேன். மொதப் பக்கம் இருந்துது. சுத்தமா வந்திருந்துது. சரி, இது வேலை செய்யற மிஷின்தான்னு தெரிஞ்சுது. நேத்து நடந்தே போய் போஸ்ட் பண்ணிட்டு வந்துட்டேன்."

தபால் நிலையம் ஒன்றரை மைல். அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், கையைத் துடைத்த துணியை மடித்தபடி, முகத்தில் கோபம் இல்லாமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடுகூட. அந்த அரை நிமிடம் எனக்குக் கொடுக்கப்பட்டது. நான் குனிந்து பிரிண்டரின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு

ஏப்ரலில் கனமான உறை வந்தது. அதிலிருந்த அனுமதிக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டிவைத்தாள். தண்ணீர் எடுக்கப் போனபோது நானே படித்துக்கொண்டேன். சேகர் இனிப்போடு வந்து, "சார், உங்க ரிப்பேர்தான் மேடம் லைஃபையே மாத்திடுச்சு" என்றார். கோமதி மறுக்கவில்லை. சிரித்தபடி அவருக்குக் காபி கொண்டுவந்தாள். என்னை அவள் காட்டிக்கொடுக்கவே இல்லை, அன்றும் பிறகும்.

அந்த ஜூனில் என் கான்ட்ராக்ட்டை நீட்டித்தார்கள். கோமதி படித்தாள். கார் ஓட்டக் கற்றாள். ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாயிரத்து ஒன்றில் வங்கிகளில் கான்ட்ராக்ட்காரர்களைக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பியபோது நானும் வீட்டுக்கு வந்தேன். எங்களை இந்த நாட்டில் தங்க வைத்தது அவளுடைய வேலை. நான் சாப்பிட்ட சோறு அந்த ஐந்து பக்கத்திலிருந்து வந்தது.

தண்டனை என்று ஒன்றும் நடக்கவில்லை. சண்டை இல்லை. பேச்சு நிற்கவில்லை. பண்டிகைக்குப் பலகாரம் செய்தாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகு நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, எதையும் சரிசெய்து தரச் சொல்லி அவள் என்னிடம் கேட்டதே இல்லை. மிக்ஸி நின்றால் புதிது வந்தது. குழாய் ஒழுகினால் ஆள் வந்தான். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அவன் என் வீட்டுத் தரையில் தன் கருவிகளைப் பரப்பும் சத்தத்தைக் கேட்டேன்.

இந்தத் தொடரை அவள் படிப்பதில்லை. இரண்டு வாரம் படித்தாள். "உங்க கதையைத்தான் நான் பக்கத்துல இருந்தே பாத்தாச்சுங்களே" என்று மூடி வைத்துவிட்டாள்.

போன வாரம் அவள் மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. காது மாட்டும் கம்பி ஒருபக்கம் தொங்கியது. என் மேஜை இழுப்பறையில் கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் அளவு சின்னத் திருப்புளி இருக்கிறது. இரண்டு சுற்று முறுக்கினால் முடிந்தது. எடுத்துக்கொண்டு அவளிடம் போய்க் கையை நீட்டினேன். "குடு. நான் முடுக்கித் தர்றேன்."

அவள் கண்ணாடியையும் கழன்ற திருகையும் கைக்குட்டையில் வைத்து மடித்தாள். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றாள். குரல் அன்பாகத்தான் இருந்தது. பிறகு கார் சாவியை எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளால் ஓட்ட முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது போலும். சாவியை வைத்துவிட்டு, சேகருக்குப் போன் செய்து, கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டாள்.